அக்கா மகளின் நீல வளையம்

குளிர்காலம் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தோசை வார்ப்பது என் கணவர்தான். ஆறரை மணிக்கு நான் அடுப்படி மேடையில் செல்போனை மிளகாய்த்தூள் டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். கனடாவில், ஆட்டவாவில், அப்போது காலை எட்டு மணி. அக்கா அங்கே ஐஸ் விளையாட்டரங்கின், அரினா என்பார்கள், மேல்படியில் நின்று வாட்ஸ்அப்பில் வீடியோ காட்டுவாள். கை நடுங்கும், பாதி நேரம் கூரைதான் தெரியும், முக்கியமான கட்டத்தில் படம் அப்படியே நின்றுவிடும். தெரிகிற மீதி நேரத்தில் பத்துப் பெண் பிள்ளைகள் ஐஸ் மேல் சறுக்கிக்கொண்டு ஒரு நீல ரப்பர் வளையத்துக்காக மல்லுக்கு நிற்பார்கள். அதில் ஒருத்தி என் அக்கா மகள். இப்போது பதினாறு வயது. விளையாட்டின் பெயர் ரிங்கெட்.

இங்கே யாரிடம் சொன்னாலும் "ஐஸ் ஹாக்கிதானே?" என்று கேட்கிறார்கள். இல்லை. ரொம்ப நாளாக இதை விளக்கமாக எழுத வேண்டும் என்று இருந்தது. எனக்கு ஏன் இந்த விளையாட்டின் மேல் இவ்வளவு பிடிப்பு என்று சொல்வதானால் முதலில் என் கதையில் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் வளையப்பந்து ஆடியவள். டென்னிகாய்ட் என்பார்கள், ரிங் டென்னிஸ் என்றும் சொல்வோம். தமிழ்நாட்டிலோ புதுச்சேரியிலோ பெண்கள் பள்ளியில் படித்தவர்களுக்கு அந்த ரப்பர் வாசம் மறந்திருக்காது. ஆள் உயரத்துக்கு ஒரு வலை, இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி, இரட்டையர் ஆட்டம் என்றால் இரண்டிரண்டு பேர். வருகிற வளையத்தை ஒரே கையால் பிடிக்க வேண்டும், பிடித்த கையாலேயே உடனே திருப்பி வீச வேண்டும், நெஞ்சோடு அணைத்துக்கொள்ளக் கூடாது, தலைக்கு மேலிருந்து அடித்து இறக்கவும் கூடாது. கேட்பதற்கு ஏதோ சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். மூன்றாவது செட்டில் 18-18 என்று நிற்கும்போது, மே மாத வெயிலில், ஆடிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

இங்கே புதுச்சேரியில், லாஸ்பேட்டைப் பக்கம் இருந்த ஒரு பொது மைதானத்தில்தான் எங்களுக்குப் பயிற்சி. நாலரை மணிக்குப் பையன்கள் கிரிக்கெட் ஸ்டம்ப் நட்டுவிடுவார்கள். எங்களை யாரும் போகச் சொன்னதில்லை. ஆனால் நடு மைதானம் அவர்களுடையது என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம் மாதிரி இருந்தது. மதில் ஓரமாக, ஒரு வேப்பமரத்துக்குப் பக்கத்தில், சுண்ணாம்புப் பொடி தூவி நாங்களே கோடு போட்டுக்கொள்வோம். பி.டி. டீச்சர் ஒருவர் சைக்கிளில் வலையைக் கட்டிக்கொண்டு வருவார். ராத்திரி மழை பெய்தால் மறுநாள் மறுபடி கோடு போட வேண்டும். நாலு வருஷத்தில் எத்தனை தடவை அந்தக் கோட்டைப் போட்டிருப்போம்!

சரி, நீல வளையத்துக்கு வருகிறேன்.

2019ல் அக்கா குடும்பத்தோடு ஊருக்கு வந்திருந்தபோது பாப்பாவுக்குப் பத்து வயது. மற்ற பிள்ளைகள் சாக்லேட்டும் பொம்மையும் கொண்டுவருவார்கள், இவள் பெட்டியிலிருந்து ஒரு ரப்பர் வளையத்தை எடுத்து, "சித்தி, பிடி!" என்று கூடத்தின் அந்த மூலையிலிருந்து எறிந்தாள். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது நான் விளையாடி. கை தானாகப் போய்ப் பிடித்தது, பிடித்த வேகத்தில் மணிக்கட்டு திரும்பி அவளிடமே அனுப்பியது. அவள் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். "சித்திக்கு ரிங்கெட் தெரியுமா?"

அன்றைக்குத்தான் அந்தப் பெயரையே கேட்டேன். பழைய டிரங்குப் பெட்டியைத் தேடி என் வளையத்தை எடுத்து இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். என்னுடையது கொஞ்சம் பெரியது, 18 செ.மீ. விட்டம், வெடித்து வெளிறிப்போய்விட்டது. அவளுடையது 16.5 செ.மீ., கெட்டியானது, அடர்ந்த நீலம். அக்கா, தங்கை மாதிரி இருந்தன.

ஐஸ் ஹாக்கியில் வளைந்த மட்டையும் சின்னக் கறுப்பு வட்டும் இருக்கும். ரிங்கெட்டில் மட்டை நேராக, ஒரு கோல் மாதிரி இருக்கும். அந்தக் கோலின் நுனியை வளையத்தின் ஓட்டைக்குள் குத்தி இழுத்துக்கொண்டு ஓட வேண்டும், அதாலேயே சுழற்றி அனுப்ப வேண்டும். ஒரு அணிக்கு ஐந்து பேர், அப்புறம் கோல்கீப்பர். வேண்டுமென்றே உடம்பால் மோதினால் தண்டனை. முகக் கவசத்தில்கூட வித்தியாசம் உண்டு, கம்பிகள் முக்கோணம் முக்கோணமாக நெருக்கமாக இருக்கும், ஏனென்றால் நேர்க்கோலின் நுனி சதுர இடைவெளியில் புகுந்து கண்ணைக் குத்திவிடக்கூடும். கோல்கீப்பரின் அரைவட்டத்துக்குள் வேறு யாரும் கால் வைக்க முடியாது, வளையம் அதற்குள் வந்துவிட்டால் ஐந்து நொடிக்குள் அவள் வெளியே அனுப்ப வேண்டும், பெரும்பாலும் கையால் எடுத்து வீசுவாள். முதன்முதலில் ஒரு கோல்கீப்பர் அப்படி வீசியதைப் பார்த்தபோது நான் அடுப்படியில் எழுந்து நின்றுவிட்டேன். வேப்பமரத்தடியில் நாங்கள் வீசிய அதே வீச்சு.

இந்த விளையாட்டு பிறந்தது 1963ல், கனடாவின் வடக்கு ஒன்டாரியோவில். நார்த் பே என்ற ஊரின் பூங்கா, பொழுதுபோக்குத் துறையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சாம் ஜாக்ஸ். ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோவில் பிறந்தவர். 1930களிலேயே உள்ளரங்கத்தில் ஆடும் ஃப்ளோர் ஹாக்கிக்கு விதிகள் வகுத்தவர் என்று அவரைச் சொல்வார்கள். அந்த ஊர்களில் குளிர்காலம் என்றால் ஐஸ்தான், ஐஸ் என்றால் ஹாக்கிதான், ஹாக்கி என்றால் பையன்கள்தான். பெண் பிள்ளைகளும் ஐஸில் இறங்கி அணியாக ஆட ஒன்று வேண்டும் என்பது அவர் யோசனை. அதை எடுத்து விதிகளாக்கி முதலில் ஆட வைத்தது எஸ்பனோலா என்ற இன்னொரு ஊரில் அதே மாதிரி வேலை பார்த்த மெர்ல் மெக்கார்த்தி, ரெட் மெக்கார்த்தி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்களாம். உயர்நிலைப் பள்ளிப் பெண்களை வைத்து ஆட விட்டு, எது சரிவருகிறது எது வரவில்லை என்று பார்த்துப் பார்த்து விதிகளைச் செதுக்கியிருக்கிறார்.

இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 200 கிலோமீட்டர், நாம் இங்கிருந்து சேலம் போகிற தூரம். இன்றைக்கும் இரண்டு ஊருமே ரிங்கெட் எங்களுடையது என்கின்றன. எனக்கு வள்ளலார் ஞாபகம் வந்தது. மருதூரில் பிறந்தார், வடலூரில் சபை கட்டினார், எந்த ஊர்க்காரரிடம் கேட்டாலும் எங்கள் ஊர் என்றுதான் சொல்வார், இரண்டும் உண்மைதான். என்னைக் கேட்டால் எஸ்பனோலாவின் அந்தப் பள்ளிப் பெண்களுக்கும் இதில் பாதிப் பங்கு உண்டு. விதி சரியா தப்பா என்று ஐஸில் விழுந்து எழுந்து கண்டுபிடித்தவர்கள் அவர்கள். அவர்கள் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

பெண்கள் ஹாக்கி ஆடவே இல்லையா என்று கேட்டால், ஆடியிருக்கிறார்கள், ஆடக் கேட்டிருக்கிறார்கள். 1956ல் டொராண்டோவில் அபிகெயில் ஹாஃப்மன் என்ற ஒன்பது வயதுச் சிறுமி ஆப் ஹாஃப்மன் என்று பெயர் கொடுத்து ஒரு சீசன் முழுக்கப் பையன்களோடு ஆடியிருக்கிறாள். நன்றாக ஆடியதால் சிறந்த வீரர்கள் அணிக்குத் தேர்வு செய்தார்கள், அதற்காகப் பிறப்புச் சான்றிதழைப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்தச் சிறுமி பின்னாளில் 800 மீட்டர் ஓட்டக்காரியாகி நான்கு ஒலிம்பிக்குகளில் கனடாவுக்காக ஓடினார். ரிங்கெட் பிறந்தது அந்தச் சம்பவம் நடந்து ஏழு வருஷம் கழித்து. நடு மைதானம் யாருடையது என்று சொன்னேனே, அது அங்கேயும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

"பெண்களுக்கு என்று தனியாக ஒரு விளையாட்டைக் கொடுத்து ஓரமாக உட்கார வைத்தார்கள்" என்று அக்காவின் தோழி ஒருவர் ரிங்கெட்டைப் பற்றி என்னிடம் சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நானும் யோசித்தேன். ஆனால் ஓரத்தில் கிடைத்த இடத்தை அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. 1969ல் ஒன்டாரியோ மாகாணத்துக்கு ஒரு சங்கம், 1974ல் நாட்டுக்கே ஒரு சங்கம். ஜாக்ஸ் அதைப் பார்த்துவிட்டு 1975ல் இறந்துபோனார். அதற்குப் பின் அவர் மனைவி ஆக்னஸ் ஜாக்ஸ் ஊர் ஊராகப் போய் இந்த விளையாட்டுக்காகப் பேசினார், கடைசிவரை, 2005ல் அவர் இறக்கும்வரை. ஆர்டர் ஆஃப் கனடா விருது அவருக்குக் கொடுத்தார்கள். முதல் தேசியப் போட்டி 1979ல் வின்னிபெக்கில். 1991 முதல் கனடா குளிர்கால விளையாட்டுகளில் மாகாண அணிகள் மோதுகின்றன. 2004ல் பெரியவர்களுக்கு நாடளாவிய லீக் ஒன்றும் தொடங்கியாயிற்று.

இதையெல்லாம் விட எனக்குப் பிடித்தது ஒரே ஒரு விதி. ஐஸ் தளத்தைக் குறுக்கே இரண்டு நீலக் கோடுகள் மூன்றாகப் பிரிக்கும். வளையத்தை வைத்திருக்கிற பெண் அந்தக் கோட்டைத் தானே இழுத்துக்கொண்டு தாண்டக் கூடாது. கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிற இன்னொருத்திக்கு அனுப்பியாக வேண்டும். எவ்வளவு பெரிய ஆட்டக்காரியாக இருந்தாலும் சரி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒற்றை ஆளாக ஓடிப்போய் கோல் போட வழியே இல்லை. தன் பக்கத்திலிருந்து எதிரணிக் கோல் வரை போக வேண்டுமானால் வழியில் இரண்டு கோடு, இரண்டு தடவை யாரையாவது நம்பித்தான் ஆக வேண்டும். அதோடு 30 நொடிக்குள் கோலை நோக்கி அடித்தாக வேண்டும் என்று கடிகாரமும் ஓடும். இப்படி இருப்பதால் ஆட்டம் பார்க்கவே வேறு மாதிரி. வேகம், வேகம், ஒரு நொடி தலை தூக்கி யார் எங்கே என்று பார்த்தல், அனுப்புதல். அணியில் ஆடத் தெரியாத ஒரு பிள்ளை இருந்தால் அவளைத் தவிர்த்துவிட்டு ஆட முடியாது, அவளுக்குக் கற்றுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். பாப்பா முதல் வருஷம் அப்படிப்பட்ட பிள்ளையாகத்தான் இருந்தாள், அவளே சொல்வாள்.

2022 டிசம்பரில் நான் முதன்முறையாக அங்கே போனேன். அக்கா வீடு ஆட்டவாவின் கிழக்குப் பக்கம், ஓர்லெயான் என்ற பகுதியில். நம் உருளையன்பேட்டைக்கும் பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர் இதேதான், நம் வாயில் உருண்டு உருளையன் ஆகிவிட்டது. அதனால் எங்கள் வீட்டில் அக்கா கனடா போன நாளிலிருந்து "உருளையன்பேட்டைக்குப் போன் போட்டியா?" என்றுதான் அம்மா கேட்பார். ரிதோ கால்வாய் உறைந்து 7.8 கிலோமீட்டருக்குச் சறுக்குப் பாதையாகும், அதைப் பார்க்க வேண்டும் என்று ஆசையாகப் போனேன். அந்தக் குளிர்காலம் போதுமான அளவு உறையவே இல்லை, கால்வாய்ச் சறுக்குத்தளம் தொடங்கிய காலத்திலிருந்து முதன்முறையாக ஒரு நாள்கூடத் திறக்கவில்லை. ஆகவே நான் பார்த்த ஐஸ் எல்லாம் அரினாவுக்குள் இருந்த ஐஸ்தான்.

காலை ஐந்தரைக்கு எழுந்து, இருட்டில், அக்காவின் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு, டிம் ஹார்ட்டன்ஸ் காபியைக் கையில் பிடித்துக்கொண்டு போவோம். வெளியே மைனஸ் பதினைந்து என்றால் உள்ளேயும் குளிர்தான். நனைந்த சாக்ஸ், ரப்பர் விரிப்பு, வியர்வை எல்லாம் கலந்த ஒரு வாசம் உடைமாற்றும் அறைப் பக்கம் வரும். அக்கா அங்கே சும்மா உட்காருவதில்லை, நேரக் கடிகாரப் பெட்டியில் உட்கார்ந்து அந்த 30 நொடிக் கடிகாரத்தை அழுத்துகிற வேலை அவளுக்கு. மாமா ஸ்கோர் தாளில் எழுதுவார். பயிற்சி கொடுப்பது இன்னொரு பிள்ளையின் அம்மா, அவர் சின்ன வயதில் இதே விளையாட்டை ஆடியவர். சம்பளம் யாருக்கும் கிடையாது. ஒரு ஊர்த் திருவிழாவுக்கு ஆளுக்கு ஒரு வேலை எடுத்துக்கொள்கிற மாதிரி, சொல்லிக்கொள்ளாமல் நடக்கிறது.

பாப்பாவுடையது ஊர் அணி இல்லை, வட்டார அணி. டபுள் ஏ என்பார்கள். ஊர் அணிகளில் நன்றாக ஆடுகிறவர்களைத் தேர்வு வைத்துச் சேர்ப்பது. ஓர்லெயானிலிருந்து நாலைந்து பேர், இன்னும் கிழக்கே பண்ணைகள் இருக்கிற சின்ன ஊர்களிலிருந்து சிலர், ஒரு பெண் பயிற்சிக்காக ஒவ்வொரு தடவையும் முக்கால் மணி நேரம் பனியில் கார் பயணம். பாதிப் பேர் தங்களுக்குள் பிரெஞ்சு, பாதிப் பேர் ஆங்கிலம், ஐஸில் இறங்கினால் இரண்டும் கலந்த கத்தல். என் தாத்தா பேசிய பிரெஞ்சில் எனக்கு நாலு வார்த்தைதான் மிச்சம், அதை வைத்து அந்தப் பிள்ளைகளோடு சமாளித்தேன். ரொம்பச் சந்தோஷப்பட்டார்கள்.

வட்டார அணி என்று கேட்டதும் எனக்கு 1996 வந்துவிட்டது. நான் அப்போது பிளஸ் ஒன். புதுச்சேரி பள்ளி அணியில் வடநாட்டில் நடந்த ஒரு தேசியப் போட்டிக்குப் போனோம். புதுச்சேரி அணி என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பதே ஒரு வேலை. எங்கள் மாநிலம் ஒரே துண்டாக இல்லை. காரைக்கால் 130 கிலோமீட்டர் தெற்கே, மாஹே கேரளக் கரையில், ஏனாம் ஆந்திரத்தில் கோதாவரி ஓரம். நாங்கள் ஐந்து பேர். இரண்டு பேர் இந்த ஊர், ஒருத்தி வில்லியனூர், ஒருத்தி காரைக்கால், ஒருத்தி மாஹே. மாஹேக்காரிக்குத் தமிழ் சரியாக வராது, எங்களுக்கு மலையாளம் வராது. ரயிலில் இரண்டு ராத்திரி. ஐந்து பேருக்கு மூன்று படுக்கைதான் இருந்தது, மாற்றி மாற்றித் தூங்கினோம். பனியனில் எழுத்து எல்லாருக்கும் ஒரே மாதிரி அச்சடித்து வரவில்லை, என்னுடையதில் நீல மையால் நானே எழுதினேன். காலிறுதியில் தோற்றோம். ஆனால் இரட்டையரில் நானும் அந்த மாஹே பெண்ணும் ஒரு ஆட்டம் ஜெயித்தோம், பேச்சே இல்லாமல், வளையம் வருகிற பக்கத்தைக் கண்ணாலேயே பிரித்துக்கொண்டு. அதற்கு அப்புறம் ஒரு பயிற்சி முகாமுக்கு என் பெயர் போனது, கடிதம் என் கைக்கு வந்தபோது முகாம் முடிந்து ஒன்பது நாள். யார் மேசையில் கிடந்தது என்று அப்பா பல நாள் அலைந்தார். பிளஸ் டூ, காலேஜ், கல்யாணம். அவ்வளவுதான்.

இந்தக் கதையை ஒருநாள் ராத்திரி பாப்பாவுக்குச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "சித்தி, எங்களுக்கும் முதல்ல நாட்டு அணியே கிடையாது தெரியுமா?" என்றாள். அப்புறம் நான் தேடித்தேடிப் படித்தேன். முதல் உலக ரிங்கெட் போட்டி நடந்தது 1990ல், க்ளூஸ்டரில். அக்கா வீட்டிலிருந்து கொஞ்ச தூரம்தான், அப்போது தனி நகராக இருந்தது, இப்போது ஆட்டவாவோடு சேர்ந்துவிட்டது. பின்லாந்தும் அமெரிக்காவும் வந்திருந்தன. கனடா ஒரே அணியாக இறங்கவில்லை. மாகாணங்கள் தங்கள் தங்கள் அணியோடு வந்தன. ஜெயித்தது ஆல்பர்ட்டா. உலகக் கோப்பையை ஒரு மாகாணத்துப் பெண்கள் அணி எடுத்துக்கொண்டு போயிருக்கிறது! இதைப் படித்தபோது நான் புதுச்சேரி என்று மையால் எழுதிய அந்தப் பனியனைத்தான் நினைத்தேன்.

அதே 1990ல் ஆட்டவாவிலேயே பெண்களுக்கான முதல் உலக ஐஸ் ஹாக்கிப் போட்டியும் நடந்தது. கனடா பெண்களுக்கு இளஞ்சிவப்புச் சட்டை போட்டு விட்டார்கள். பேப்பரில் அந்தச் சட்டையைப் பற்றித்தான் ஏகப்பட்ட பேச்சு. ரிங்கெட் பெண்கள் அந்தச் சத்தத்துக்கு வெளியே தங்கள் உலகக் கோப்பையை நடத்திக்கொண்டார்கள்.

1992ல் ஹெல்சிங்கியில் மேற்குக் கனடா, கிழக்குக் கனடா என்று இரண்டு அணிகள் போயின, மேற்கு ஜெயித்தது. 1994ல் அமெரிக்காவில் செயின்ட் பாலில் பின்லாந்து கோப்பையை எடுத்துவிட்டது. அதற்குப் பின்தான், 1996ல் ஸ்டாக்ஹோமில், கனடா ஒரே அணியாக இறங்கி ஜெயித்தது.

பின்லாந்துக்கு இந்த விளையாட்டைக் கொண்டுபோனவர் யூஹானி வால்ஸ்டென், அந்த நாட்டின் பழைய ஹாக்கி வீரர். 1979ல் துர்க்கு நகரில் தொடங்கினார். பதினைந்தே வருஷத்தில் அவர்கள் உலகக் கோப்பையை வாங்கிவிட்டார்கள். 2002ல், எட்மன்டனில், கனடா ஜெயித்தது. 2004லிருந்து 2022 வரை நடந்த ஒவ்வொரு உலகப் போட்டியிலும் பெரியவர்கள் பிரிவில் பின்லாந்துதான். இதில் மனதுக்குக் கஷ்டமானது 2013. ரிங்கெட் பிறந்து ஐம்பது வருஷம் ஆனதற்காக உலகப் போட்டியை நார்த் பேயிலேயே வைத்தார்கள். சாம் ஜாக்ஸ் வேலை பார்த்த ஊர். அங்கேயும் பின்லாந்து ஜெயித்தது, சாம் ஜாக்ஸ் பெயரில் இருக்கிற கோப்பையை அந்த ஊரிலிருந்தே எடுத்துக்கொண்டு போனது. பாப்பாவின் பயிற்சியாளர் அன்று அந்த அரங்கில் இருந்தாராம். "எல்லாரும் எழுந்து கைதட்டினோம், அவர்கள் அப்படி ஆடினார்கள்" என்று என்னிடம் சொன்னார். சொல்லும்போது கண் கலங்கியது.

பிள்ளைகளுக்கு இன்னொரு இழுபறி இருக்கிறது. 1998ல் நகானோ ஒலிம்பிக்கில் பெண்கள் ஐஸ் ஹாக்கி சேர்ந்தது. ரிங்கெட் ஒலிம்பிக்கில் இல்லை. ஆக, ரிங்கெட்டில் சறுக்கக் கற்றுக்கொண்டு ஹாக்கிக்குப் போகிறவர்கள் நிறைய. கனடா ஹாக்கி அணிக்குத் தலைவியாக இருந்து ஒலிம்பிக் தங்கம் வாங்கிய கேசி கேம்பெல்கூடச் சின்ன வயதில் ரிங்கெட் ஆடியவர்தான். அமெரிக்கக் கல்லூரிகளில் உதவித்தொகை வேண்டும் என்றாலும் ஹாக்கிதான் வழி. பாப்பாவின் அணியில் இரண்டு பேர் போய்விட்டார்கள். அவளிடமும் கேட்டார்கள். அக்காவுக்கு அந்த வாரம் முழுக்கத் தூக்கம் இல்லை, என்னிடம் தினமும் போன். போனால் எதிர்காலம், நின்றால் ஆசை என்று அக்காவின் கணக்கு. நான் ஒன்றுதான் சொன்னேன், நீ எதையும் சொல்லாதே, அவளே சொல்லட்டும். பாப்பா நின்றுவிட்டாள். இந்த வருஷம் 19 வயதுக்கு உட்பட்டோர் பிரிவுக்கு வந்திருக்கிறாள். ஹாக்கிக்குப் போனவர்கள் தப்பு செய்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். எனக்கு வளையப்பந்தில் ஒலிம்பிக் இருந்ததா, உதவித்தொகை இருந்ததா? இருந்தும் அந்த நாலு வருஷத்தை யார் கேட்டாலும் நான் மாற்றிக்கொள்ளமாட்டேன்.

நம் புதுச்சேரியிலேயே பாருங்கள், சாயங்காலம் பெத்தாங்க் இரும்புக் குண்டை உருட்டுகிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உலகம் பெரிதாகக் கண்டுகொள்ளாத விளையாட்டு, ஒரு ஊர் விடாமல் வைத்திருக்கிறது. வளையப்பந்தும் அப்படித்தான், பள்ளிப் போட்டிகளில் இன்னும் ஆடுகிறார்கள், நம் பிள்ளைகள் நன்றாக ஆடுகிறார்கள். பத்திரிகையில் ஒரு மூலையில் இரண்டு வரி வரும்.

போன ஜூலையில் பாப்பா ஒரு மாதம் இங்கே இருந்தாள். அவளைக் கூட்டிக்கொண்டு அந்த லாஸ்பேட்டை மைதானத்துக்குப் போனேன். வேப்பமரம் இல்லை. ஆனால் மதில் ஓரம் வலை இருந்தது, ஏழெட்டுப் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள், ஒரு இளம் டீச்சர் விசில் ஊதிக்கொண்டிருந்தார். நடுவில் கிரிக்கெட். நான் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டேன், டீச்சர் உடனே "அக்கா, ஆடுறீங்களா?" என்று கேட்டுவிட்டார். முட்டி ஒத்துழைக்காது என்று பாப்பாவை இறக்கிவிட்டேன்.

முதல் நாலு வளையத்தையும் இரண்டு கையால் பிடித்தாள். பிள்ளைகள் "ஃபவுல்! ஃபவுல்!" என்று கத்தினார்கள். எதிரில் நின்றது எட்டாம் வகுப்புப் பெண், பாப்பாவின் தோள் உயரம்கூட இல்லை, காலில் செருப்பும் இல்லை, வளையத்தை வலைக்கு ஒட்டி, கோட்டுக்கு ஒரு விரற்கடை உள்ளே, போட்டுப் போட்டு அவளை ஓட வைத்தாள். 21-6. ஆட்டம் முடிந்ததும் பாப்பா மூச்சு வாங்கிக்கொண்டே பையிலிருந்து தன் நீல வளையத்தை எடுத்து அந்தப் பெண்ணிடம் நீட்டினாள். அந்தப் பெண் அதைக் கையில் எடைபோட்டுப் பார்த்தாள், ஓட்டை ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று கேட்டாள். கோலை நுழைத்து இழுக்க வேண்டும் என்று பாப்பா தன் அரைகுறைத் தமிழில் சொல்ல, மதில் ஓரம் கிடந்த ஒரு மூங்கில் கழியை இன்னொரு பிள்ளை தேடிக் கொண்டுவந்தாள்.

அப்புறம் ஒரு மணி நேரம் செம்மண் தரையில் கழியால் வளையத்தை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். சுண்ணாம்பு டப்பாவை வாங்கி பாப்பா குறுக்கே ஒரு கோடு போட்டாள், இதைத் தாண்டணும்னா இன்னொருத்திக்குக் கொடுக்கணும் என்றாள். மூன்றாவது தடவையிலேயே அந்த எட்டாம் வகுப்புப் பெண்ணுக்குப் பிடிபட்டுவிட்டது. கோட்டுக்கு முன்னால் வந்ததும் தலையைத் தூக்கிப் பார்த்தாள், பார்த்துவிட்டு அனுப்பினாள். இருட்டும்வரை ஆடினார்கள். வளையத்தை பாப்பா அங்கேயே கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.